பாதாளத்தில் ஒரு தோட்டம்: பாரிஸ் நகரின் அடியில் விளைந்த காளான்

தோட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் மனக்கண்ணில் என்ன தெரிகிறது? வெயில், பச்சை இலை, வாய்க்கால் தண்ணீர், மேலே வானம். ஆனால் வெயிலே படாத, இலையே இல்லாத, வானமே தெரியாத தோட்டங்களும் வரலாற்றில் உண்டு. அவற்றில் புகழ்பெற்ற ஒன்று எங்கே இருந்தது தெரியுமா? உலகமே அழகு நகரம் என்று கொண்டாடும் பாரிஸின் தெருக்களுக்கு அடியில்!

இப்போது வீட்டு நிலவறையில் விளக்குப் போட்டுச் செடி வளர்ப்பது, கார் நிறுத்துமிடத்தில் கீரை வளர்ப்பது என்று பல செய்திகள் வருகின்றன. இவற்றையெல்லாம் புத்தம் புதிய கண்டுபிடிப்பு என்றே பலரும் நினைக்கிறார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நகரத்தின் தோட்டக்காரர்கள் ஏணி வழியாகப் பூமிக்குள் இறங்கி, எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் விவசாயம் செய்து பிழைத்தார்கள். அவர்களுக்குக் கைகூடிய காரியம் பின்னால் வந்த பலருக்குக் கைகூடவில்லை. ஏன்? அதைத் தெரிந்துகொள்ள முதலில் கதையைப் பார்க்க வேண்டும்.

முலாம்பழப் படுக்கையில் முளைத்த விருந்தாளி

17ஆம் நூற்றாண்டு. பாரிஸைச் சுற்றியிருந்த தோட்டக்காரர்கள் குளிர்காலம் முடியும் முன்பே முலாம்பழம் பயிரிட ஒரு வழி வைத்திருந்தார்கள். குதிரைச் சாணத்தையும் வைக்கோலையும் கலந்து குவித்தால் அது மட்கும்போது சூடேறும். அந்தச் சூட்டுப் படுக்கையின் மேல் மண் போட்டு விதை ஊன்றினால், வெளியே பனி இருந்தாலும் செடி முளைத்துவிடும். மின்சாரமோ நிலக்கரியோ இல்லாத காலத்தில் சாணம்தான் அவர்களுக்கு ஹீட்டர்.

பழம் பறித்து முடிந்த பிறகு அந்தப் பழைய படுக்கைகளில் காளான்கள் தாமாகவே முளைப்பதை அவர்கள் கவனித்தார்கள். சாணத்துக்குள் வெள்ளை நூல் போலப் படர்ந்திருப்பதை எடுத்து வேறொரு படுக்கையில் வைத்தால் அங்கும் காளான் வந்தது. விதை இல்லை, பூ இல்லை, காய் இல்லை. ஆனாலும் பயிர் வந்தது! அந்த வெள்ளை நூலைத்தான் இன்று காளான் இழை என்கிறோம். அது படர்ந்த உரத்தைக் காயவைத்துச் சேமித்தால் அதுவே வித்து.

பதினான்காம் லூயி மன்னரின் வெர்சாய் அரண்மனைக் காய்கறித் தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் லா கேந்தினி. அந்தத் தோட்டம் 1678க்கும் 1683க்கும் இடையில் அமைக்கப்பட்டது. மன்னரின் மேசைக்கு அங்கிருந்து காளானும் போனது. 1707இல் தூர்னஃபோர் என்ற தாவரவியலாளர் இந்தக் காளான் வளர்ப்பு முறையை விவரித்து பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்கு ஒரு கட்டுரை எழுதினார்.

அதுவரை எல்லாமே வெட்டவெளியில்தான் நடந்தது. அதில் ஒரு பெரிய தொல்லை. கோடையில் வெயில் படுக்கையைக் காய்த்துவிடும்; குளிர்காலத்தில் பனி உறையவைத்துவிடும்; மழை பெய்தால் அழுகிவிடும். வருடத்தில் சில மாதங்கள் மட்டுமே காளான் கிடைத்தது. மீதி மாதங்களில் பணக்காரர்களுக்குக்கூட இல்லை.

நகரத்தின் அடியில் இருந்த வெற்றிடம்

பாரிஸின் புகழ்பெற்ற கட்டிடங்களைப் பார்த்தால் ஒரு இளமஞ்சள் நிறக் கல் தெரியும். சுண்ணாம்புக்கல். நோத்ர தாம் பேராலயம் அந்தக் கல்லால் கட்டியதுதான். அவ்வளவு கல்லும் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் நகரத்தின் அடியிலிருந்தும் அதைச் சுற்றியிருந்த ஊர்களின் அடியிலிருந்தும் வெட்டி எடுத்ததுதான். நூற்றாண்டுக் கணக்கில் வெட்டியதில் பூமிக்குள் பல மைல் நீளத்துக்குச் சுரங்கப் பாதைகள் உருவாகிவிட்டன. மேலே நகரம் வளர்ந்துகொண்டே போனது. கீழே ஒன்றுமில்லை!

இதன் விளைவு 1774 டிசம்பரில் தெரிந்தது. நகரின் தென்பகுதியில் ஒரு தெரு அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. மக்கள் பீதியடைந்தார்கள். 1777இல் சுரங்கங்களைக் கண்காணிக்கவென்றே ஒரு தனி அலுவலகம் ஏற்படுத்தப்பட்டது. ஆட்கள் உள்ளே இறங்கி, வரைபடம் தயாரித்து, பலவீனமான இடங்களில் தூண் எழுப்பினார்கள். 1786 முதல் சில சுரங்கங்களில் நகரத்துக் கல்லறைகளின் எலும்புகள் கொண்டுவந்து அடுக்கப்பட்டன. இன்று சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று பார்க்கும் எலும்புச் சுரங்கம் அதுதான்.

ஆனால் எலும்புகள் பிடித்துக்கொண்டது ஒரு சிறு பகுதியை மட்டுமே. மீதிப் பாதைகள் காலியாகக் கிடந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷாம்ப்ரி என்ற தோட்டக்காரர், கைவிடப்பட்ட ஒரு சுரங்கத்தில் காளான் படுக்கை போட்டுப் பார்த்தார் என்பார்கள். பயிர் நன்றாக வந்தது. அதுவும் எந்தப் பருவத்திலும் வந்தது. செய்தி பரவியதும் மற்ற தோட்டக்காரர்களும் ஒவ்வொருவராகப் பூமிக்குள் இறங்கினார்கள்.

இருட்டில் ஏன் விளைந்தது?

இங்கே கொஞ்சம் அறிவியல் வேண்டும். செடி தன் உணவைத் தானே தயாரிக்கிறது. அதற்குச் சூரிய ஒளி கட்டாயம். காளான் செடியே அல்ல, அது பூஞ்சை. பச்சையம் கிடையாது. யாரோ ஏற்கெனவே தயாரித்து வைத்ததைத்தான் அது சாப்பிடுகிறது. குதிரைச் சாணமும் வைக்கோலும் எங்கோ ஒரு வயலில் வெயிலைக் குடித்து வளர்ந்த புல்லின் மிச்சம். வேறு விதமாகச் சொன்னால், சூரிய ஒளி சாணத்தின் வடிவில் வண்டியில் ஏறிச் சுரங்கத்துக்குள் வந்தது!

சுரங்கம் மற்ற வசதிகளையும் சும்மாவே கொடுத்தது. பாரிஸின் அடியில் கோடையிலும் குளிர்காலத்திலும் வெப்பநிலை ஏறக்குறைய 14 டிகிரி செல்சியஸ்தான். காற்று எப்போதும் ஈரமாக இருக்கும். வெயில் கிடையாது, பனி கிடையாது, புயல் கிடையாது. மேலே வாடகை ஏறிக்கொண்டிருந்த நகரத்தில் கீழே இருந்த இடத்துக்குப் போட்டியும் குறைவு.

சாணத்துக்கும் பஞ்சமில்லை. அந்தக் காலத்து பாரிஸில் வண்டி, டிராம், ராணுவம் எல்லாவற்றையும் இழுத்தவை பல்லாயிரக்கணக்கான குதிரைகள். லாயங்களில் குவிந்த சாணத்தை அகற்றுவதே நகரத்துக்கு ஒரு தலைவலி. அந்தத் தலைவலிதான் காளான்காரர்களுக்கு மூலப்பொருள். நகரத்தின் குப்பை கீழே போய், நகரத்தின் விருந்து மேலே வந்தது.

ஒரு பாதாள அறை தயாரான விதம்

இவர்கள் ஒரு சுரங்கத்தை எப்படித் தயார் செய்தார்கள் என்பதைப் பார்த்தால், இன்று நிலவறையில் பயிர் வளர்க்க நினைப்பவர்கள் சந்திக்கும் எல்லாச் சிக்கலும் அதில் இருக்கும்.

முதல் வேலை மேலே நடந்தது. சாணத்தை உயரமாகக் குவித்து, தண்ணீர் தெளித்து, சில நாட்களுக்கு ஒருமுறை கிளறிப் புரட்டிப் போடுவார்கள். உள்ளே சூடு ஏறும், நாற்றம் மாறும், நிறம் கருக்கும். சுமார் மூன்று வாரத்தில் பக்குவம் வரும். பக்குவம் வந்ததா என்பதை அளக்கக் கருவி இல்லை. கையில் எடுத்துப் பிசைந்து பார்க்க வேண்டும். பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. ஆனால் உள்ளங்கை ஈரமாக வேண்டும். இதில் தவறினால் மீதி எல்லாம் வீண்.

பக்குவமான உரத்தைக் கிணறு போன்ற குழி வழியாகக் கீழே கொட்டுவார்கள். ஆட்கள் அதே போன்ற குழியில், நட்டுவைத்த ஒரு மரத்தில் குறுக்குக் கட்டைகள் செருகிய ஏணியைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். கீழே கூரை சில இடங்களில் மிகத் தாழ்வு. குனிந்தபடி, சில இடங்களில் மண்டியிட்டபடி வேலை. உரத்தைக் கூடைகளில் சுமந்துபோய், முழங்கால் உயரத்துக்கு நீள நீளமான வரப்புகளாகத் தட்டி வைப்பார்கள். இரண்டு வரப்புகளுக்கு இடையில் ஒரு ஆள் கால் வைக்கும் அளவுக்குத்தான் இடைவெளி.

அடுத்தது வித்து. காய்ந்த பழைய உரத் துண்டுகளை வரப்பின் பக்கங்களில் வரிசையாகச் செருகுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளை இழை வரப்பு முழுதும் ஓடிவிடும். அதற்குப் பிறகும் காளான் வராது! இழை படர்ந்த வரப்பின் மேல் மெல்லியதாக ஒரு பூச்சு மண் போட வேண்டும். சத்தில்லாத அந்த மண்ணைப் போட்டால்தான் காளான் தலைகாட்டும். அந்த மண்ணுக்கும் அவர்கள் எங்கும் போகவில்லை. கல் வெட்டியபோது சுரங்கத் தரையில் விழுந்து கிடந்த சுண்ணாம்புக்கல் தூளைச் சலித்து, மண்ணோடு கலந்து, ஈரமாக்கிப் பூசினார்கள். இன்று காளான் பண்ணைகளில் மேல்பூச்சு மண் என்று சொல்வது இதன் வாரிசுதான்.

பூச்சு முடிந்து சில வாரங்களில் குண்டூசித் தலை போல வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். பிறகு அறுவடை. ஒரு தடவை பறித்து முடித்ததும் கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஒரு விளைச்சல் என்று அலை அலையாகப் பல வாரங்கள் வரும். பறித்த இடத்தில் உண்டாகும் சிறு குழியை உடனே மண் வைத்து அடைக்க வேண்டும். ராத்திரியில் பறித்து விடியும் முன் சந்தைக்கு அனுப்ப வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று காற்று. மட்கும் உரமும் வளரும் காளானும் மனிதனைப் போலவே கரியமில வாயுவை விடுகின்றன. அடைத்த சுரங்கத்தில் அது தேங்கினால் காளானின் தண்டு நீண்டு குடை சிறுத்துப்போகும். இன்னும் தேங்கினால் வேலை செய்பவருக்கே மூச்சு முட்டும். கையில் இருக்கும் விளக்கின் சுடர் மங்குவதுதான் எச்சரிக்கை மணி. அதனால் குழிகளின் வாயில் உயரமான மரப் புகைபோக்கிகளை நட்டார்கள். சில குழிகளின் அடியில் நெருப்பு மூட்டி, சூடான காற்று மேலே போகும்போது வேறு குழி வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும்படி செய்தார்கள். மேலே வயல்வெளியில் நடந்து போகிறவர்களுக்குத் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரக் குழாய்கள் மட்டும் தெரியும். கீழே ஒரு தோட்டமே இருப்பது தெரியாது.

வில்லியம் ராபின்சன் என்ற தோட்டக்கலை எழுத்தாளர் இந்தச் சுரங்கங்களில் இறங்கிப் பார்த்து, 1870இல் காளான் வளர்ப்பு பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். பாரிஸுக்கு வடக்கே மேரி என்ற ஊரின் ஒரே சுரங்கத்தில் 1867ஆம் ஆண்டில் மொத்தம் 21 மைல் நீளத்துக்குக் காளான் வரப்புகள் இருந்தன என்று அவர் எழுதினார். 21 மைல் என்றால் சுமார் 34 கிலோமீட்டர். ஒரே ஒரு பண்ணை!

பூமிக்குள் வந்த நோய்

நன்றாக நடக்கும் தொழிலுக்கு எதிரி வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. ஒரே சுரங்கத்தில் மீண்டும் மீண்டும் பயிர் வைத்தால், காளானைத் தின்னும் வேறு பூஞ்சைகளும் ஈக்களும் அங்கேயே குடியேறின. காளான் உருத்தெரியாமல் வீங்கி, நனைந்து, அழுகி நாறும் ஒரு நோய் பல சுரங்கங்களைக் காலி செய்தது. வெயில் படாத இடம் என்பது இங்கே எதிராகத் திரும்பியது. வெளி நிலத்தில் வெயிலும் காற்றும் செய்யும் துப்புரவு வேலை சுரங்கத்தில் நடப்பதில்லையே!

காளான்காரர்கள் அனுபவத்தில் கண்ட ஒரே மருந்து, தரையைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்தச் சுரங்கத்தை ஓரிரு ஆண்டுகள் சும்மா போடுவது. அதாவது ஒரு குடும்பம் பிழைக்க ஒரு சுரங்கம் போதாது. மாற்றி மாற்றிப் பயன்படுத்தப் பல வேண்டும். கையில் பணம் இல்லாதவர் இதில் நொடித்துப் போனார்.

இன்னொரு கோளாறு வித்தில் இருந்தது. பழைய படுக்கையிலிருந்து எடுத்த வித்தில் காளான் இழை மட்டும் இல்லை; நோயும் கூடவே பயணம் செய்தது. 1890களில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் கொஸ்தாந்தேன், மாத்ருஷோ என்ற இரு ஆய்வாளர்கள் காளானின் வித்தணுவைச் சுத்தமான சூழலில் முளைக்க வைத்து, நோயில்லாத வித்தைத் தயாரித்தார்கள். ஆனால் அந்த முறையின் நுணுக்கம் வெளியே பரவாமல் காக்கப்பட்டது. வித்து வேண்டும் என்றால் வாங்கித்தான் ஆக வேண்டும்.

இந்தப் பூட்டு கடலுக்கு அப்பால்தான் திறந்தது. அமெரிக்க வேளாண் துறையின் சார்பில் மார்கரெட் ஃபெர்குசன் 1902இல் வித்தணு முளைக்கும் விதத்தை ஆராய்ந்து வெளியிட்டார். பெஞ்சமின் டக்கர் 1905இல் இன்னும் எளிய வழி சொன்னார்: நல்ல காளானின் உட்சதையில் ஒரு துணுக்கை வெட்டி, சுத்தமான ஊட்டத்தில் வைத்தால் போதும், இழை வளரும். 1930களில் ஜேம்ஸ் சிண்டன் என்பவர் வேகவைத்த தானியத்தில் வித்து வளர்க்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்று தமிழ்நாட்டில் சோளத்தில் வளர்த்து பாலித்தீன் பையில் விற்கிறார்களே காளான் வித்து, அது இந்த வழியில் வந்ததுதான்.

பாரிஸை விட்டுக் காளான் போனது

20ஆம் நூற்றாண்டு பிறந்தபோது நகரம் கீழேயும் வளரத் தொடங்கியது. 1900இல் பாரிஸ் மெட்ரோவின் முதல் பாதை திறந்தது. நகரத்துக்கு அடியில் இருந்த இடம் இனிமேல் கேட்பாரற்ற இடம் அல்ல. இன்னொரு பக்கம் மோட்டார் வண்டி வந்தது. குதிரை போனது. குதிரையோடு சாணமும் போனது! சுரங்கத்தின் கூரை இடியாமல் நின்றாலும் தொழிலின் அடித்தளம் மேலே இருந்தபடியே சரிந்துவிட்டது.

காளான்காரர்கள் புறநகர்ச் சுரங்கங்களுக்கும், லுவார் ஆற்றங்கரையில் சோமூர் பகுதியின் கல் குகைகளுக்கும் நகர்ந்தார்கள். அங்கேயும் அரண்மனைகள் கட்டக் கல் வெட்டிய குகைகள் மைல் கணக்கில் காலியாக இருந்தன. பிரான்சின் காளான் தொழில் பெரும்பாலும் அங்கே குடியேறியது. பாரிஸைச் சுற்றி இன்று மிஞ்சியிருக்கும் சுரங்கக் காளான்காரர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி போனது. பென்சில்வேனியாவின் கென்னட் ஸ்குவேர் என்ற ஊரில் வில்லியம் ஸ்வெய்ன் என்பவர் பூ வளர்த்து வந்தார். 1880களில், கண்ணாடிக் குடிலில் பூத்தொட்டி வைக்கும் மேசைகளுக்கு அடியில் இடம் வீணாகிறதே என்று அங்கே காளான் போட்டுப் பார்த்தார். வருமானம் வந்ததும் காளானுக்கென்றே தனிக் கட்டிடம் எழுந்தது. வெப்பம், ஈரம், காற்று மூன்றையும் கட்டிடத்துக்குள்ளேயே கட்டுப்படுத்தப் பழகியதும் குகை தேவையில்லாமல் போனது. படுக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அலமாரி போல அடுக்கலாம். நீராவி விட்டு நோயைக் கொல்லலாம். இந்த இரண்டும் குகையில் எளிதல்ல. அந்த வட்டாரம் இன்றும் தன்னைக் காளான் தலைநகரம் என்றே அழைத்துக்கொள்கிறது. கடைகளில் இப்போது கிடைக்கும் பால் வெள்ளை மொட்டுக் காளானும் 1920களில் பென்சில்வேனியாவின் ஒரு படுக்கையில் தற்செயலாகத் தோன்றியதுதான். அதற்கு முன் அந்த இனம் பழுப்பு நிறமாகத்தான் இருந்தது.

இருட்டையே சுவையாக்கியவர்கள்

காளான் ஒன்றுதான் நிலவறைப் பயிரா? இல்லை. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் தாவரவியல் தோட்டத்தில் பிரெசியே என்ற தலைமைத் தோட்டக்காரர் 1850 வாக்கில், காளான் வளர்த்த நிலவறையில் சிக்கரிக் கிழங்குகளை மண்ணில் புதைத்து வைத்தார். (நம் ஊர் காப்பித் தூளில் கலக்கிறார்களே, அதே சிக்கரியின் உறவுதான்.) வெளிச்சம் இல்லாததால் இலைகள் பச்சையாகாமல், வெள்ளையாக, மொட்டு போலக் குவிந்து வந்தன. கசப்பும் குறைந்திருந்தது. பிளெமிஷ் மொழியில் அதற்கு வெள்ளை இலை என்றே பெயர் வைத்தார்கள்.

இதில் உள்ள தந்திரத்தைக் கவனிக்க வேண்டும். சிக்கரி செடிதான்; அதற்கு வெயில் வேண்டும். ஆனால் கோடை முழுவதும் வயலில் வெயில் குடித்துக் கிழங்கில் சேமித்த பிறகுதான் அதை இருட்டுக்குக் கொண்டுவந்தார்கள். காளானுக்குச் சாணம் எப்படியோ, சிக்கரிக்குக் கிழங்கு அப்படி. வெயிலை வெளியே பிடித்து உள்ளே செலவழித்தார்கள்.

வெயிலையே உள்ளே கொண்டுவந்தவர்கள்

மூன்றாவது வழி ஒன்று உண்டு. வெயிலையே செயற்கையாக உண்டாக்குவது! 1861இல் ஹெர்வே மாங்கோன் என்ற பிரெஞ்சுக்காரர், மின் விளக்கின் ஒளியிலும் இலை பச்சையாகும் என்று காட்டினார். 1880இல் வில்லியம் சீமென்ஸ் இங்கிலாந்தில் தன் தோட்டத்தில் நீராவி எந்திரத்தால் மின்சாரம் உண்டாக்கி, இரவில் வில் விளக்கு எரியவிட்டுச் செடி வளர்த்துப் பார்த்தார். வளர்ந்தது. ஆனால் ஒளிக்கு மின்சாரம், மின்சாரத்துக்கு நீராவி, நீராவிக்கு நிலக்கரி! ஒவ்வொரு படியிலும் பெரும் பங்கு வீணானது.

அதன் பிறகு குழல் விளக்கு வந்தது, சோடியம் விளக்கு வந்தது, எல்இடி வந்தது. மண்ணில்லாமல் சத்து நீரில் வளர்க்கும் முறையும் வந்தது. 2005இல் டோக்கியோவின் ஓத்தேமாச்சி பகுதியில், ஒரு வங்கியின் பழைய பெட்டக அறை இருந்த நிலவறையில் பசோனா என்ற நிறுவனம் ஒரு வயலையே அமைத்தது. சோடியம் விளக்கின் கீழே நெல் விளைந்தது! பணம் பூட்டி வைத்த இடத்தில் நெற்கதிர் நின்ற காட்சி உலகப் பத்திரிகைகளில் வந்தது. வேலை தேடும் இளைஞர்களுக்கு விவசாயத்தைக் காட்டுவதே அதன் நோக்கம். அரிசி விற்று லாபம் பார்ப்பது அல்ல. 2010இல் அதே நிறுவனம் தன் அலுவலகக் கட்டிடத்துக்குள் பயிர் வைத்தபோது, பயிர் தரைக்கு மேலே வந்திருந்தது.

லண்டனில் இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பதுங்கு சுரங்கம் ஒன்றில், தரைக்கு 33 மீட்டர் கீழே, 2015 முதல் எல்இடி ஒளியில் சிறு கீரைகள் வளர்ந்தன. ஆனால் விளக்கை நம்பிய பண்ணைகளுக்கு 2022இல் ஏறிய மின் கட்டணம் பெரிய அடி. அமெரிக்காவில் ஏரோஃபார்ம்ஸ் 2023இல் திவால் பாதுகாப்புக் கேட்டது. போவரி 2024இல் மூடப்பட்டது. அவை நிலவறையில் இல்லாவிட்டாலும் வெயிலுக்குக் கதவடைத்த பண்ணைகள்தாம். பல கோடி டாலர் முதலீடு இருந்தும், வெளியே இலவசமாகக் கொட்டும் வெயிலோடு விலையில் போட்டியிட முடியவில்லை.

சுற்றி வந்த சக்கரம்

2017இல் பாரிஸில் ஒரு சுவாரசியமான காரியம் நடந்தது. நகரின் வடக்கே, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் அடியில் கைவிடப்பட்டுக் கிடந்த கார் நிறுத்துமிடத்தில் சில இளைஞர்கள் ஒரு பண்ணை தொடங்கினார்கள். பெயர், குகை. அங்கே என்ன வளர்த்தார்கள்? காளானும், வெள்ளைச் சிக்கரியும், கொஞ்சம் எல்இடி ஒளியில் சிறு கீரையும்! குதிரை போய்க் கார் வந்ததால் நகரை விட்டுப் போன காளான், கார் விட்டுப்போன இடத்துக்கே திரும்பி வந்தது.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு உறவு இருக்கிறது. மொட்டுக் காளானுக்குக் குளிர்ச்சி வேண்டும். அதனால் தமிழ்நாட்டில் அது நீலகிரி போன்ற மலைகளில்தான் எளிதாக வரும். சமவெளியின் வெக்கைக்கு ஏற்றது பால் காளான். மேற்கு வங்கத்தில் கண்டறிந்து 1974இல் விவரிக்கப்பட்ட இந்த இனத்தில், ஏபிகே 2 என்ற ரகத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்டது. 30 டிகிரிக்கு மேலும் வளரும். அதற்குப் பல்கலைக்கழகம் சொன்ன குடில் எப்படிப்பட்டது தெரியுமா? தரையில் பாதி ஆழத்துக்குக் குழி தோண்டி, மேலே நீலப் பாலித்தீன் விரிப்பால் கூரை போட்டது. பூமியின் ஈரமும் மாறாத வெப்பமும் கீழிருந்து வரும். காளானுக்கு வேண்டிய கொஞ்சம் வெளிச்சம் மேலிருந்து வரும். வைக்கோல் பக்கத்து வயலிலிருந்து வரும். பாரிஸ்காரர்கள் செய்த அதே கணக்குதான்!

இருநூறு ஆண்டு அனுபவம் சொல்வது எளிமையான பாடம். நிலவறை இருட்டையும், ஈரத்தையும், மாறாத வெப்பத்தையும் சும்மா தரும். அவற்றை விரும்பும் பயிரைக் கொண்டு இறங்கியவர்கள், படிப்பும் முதலும் இல்லாத ஏழைகளாக இருந்தும், தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தார்கள். நிலவறையிடம் வெயிலைக் கேட்டவர்கள் அந்த வெயிலுக்கு ஒவ்வொரு மாதமும் பில் கட்ட வேண்டியிருந்தது.

வீட்டின் அடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது, அதில் ஏதாவது வளர்க்கலாமே என்று யாராவது யோசித்தால், என்ன விளக்கு வாங்கலாம் என்பது முதல் கேள்வி அல்ல. இந்த இருட்டில் எது சந்தோஷமாக இருக்கும் என்பதே முதல் கேள்வி. எண்ணெய் விளக்கோடு ஏணியில் இறங்கிய அந்தப் பெயர் தெரியாத தோட்டக்காரர்கள் அதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள்.